ஈரப்பதத்தின் விலை: காவிரிப் படுகை அரிசி ஆலைகளில் எரிசக்தியும் நெகிழ் வரம்புகளும்

கும்பகோணம் வட்டாரத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளில் எரிசக்திச் சிக்கனம் என்றாலே உமியைக் குறைத்து எரிப்பது என்று கொள்ளப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் தட்டுப்பாடு உமிக்கு அன்று. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. கிலோவுக்குச் சுமார் 3,000 கிலோகலோரி வெப்பம் தரும். 14 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு டன் நெல் ஊறி அவிந்து 35 விழுக்காட்டை எட்டினால், அதனைப் பழைய நிலைக்கு உலர்த்த 320 கிலோ நீர் ஆவியாக வேண்டும். அதற்கான அடிப்படை வெப்பம் ஏறத்தாழ 1,75,000 கிலோகலோரி. அந்நெல்லின் உமியிலிருந்து கிடைப்பதோ 6,00,000. ஊறலுக்கும் அவியலுக்கும் ஆகும் வெப்பமும், கொதிகலனில் வீணாவதும் போகவும் உமி போதும். ஆலையில் உண்மையில் அரிதாக இருப்பவை நேரம், மின்சாரம், முழு அரிசி ஆகிய மூன்றுமே.

இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உலர்த்தியில் சூட்டை ஏற்றி ஒரே ஓட்டத்தில் காயவைத்தால் மணியின் வெளிப்புறம் முந்திச் சுருங்கி வெடிப்பு விழுகிறது. அரைவையில் அது நொய்யாகிறது. 18 விழுக்காடு அளவில் நிறுத்திச் சில மணி நேரம் ஆறப்போட்டு, மணியினுள் ஈரம் சமனான பின் மீண்டும் உலர்த்தினால் நொய் குறையும். களத்தில் நெல்லைத் துழாவுபவர் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பது இந்தச் சமநிலையை அறியத்தான். ஆனால் ஆறும் நேரம் நீண்டால் இரண்டாம் உலர்த்தல் மாலை உச்ச நேரத்தில் போய் விழும். தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகள் அந்நேர மின்சாரத்துக்கு 25 விழுக்காடு கூடுதலாகச் செலுத்துகின்றன.

இங்குதான் வரம்புகளை இருவகையாகப் பிரித்தறிய வேண்டும். கொதிகலனின் அழுத்த எல்லை எந்த ஆதாயத்துக்காகவும் மீறக்கூடாத இறுகிய வரம்பு. உச்ச நேரத்தில் மோட்டாரை ஓட்டாதிருப்பது நெகிழ் வரம்பு. அதாவது, மீறலாம், மீறலுக்கு உரிய தண்டத்தைச் செலவுக் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அத்தண்டம் காப்பாற்றப்படும் முழு அரிசியின் மதிப்பைவிடக் குறைவானால் மீறுவதே சிக்கனம்.

கொள்முதலில் நெல்லுக்கு விதிக்கப்படும் 17 விழுக்காடு ஈரப்பத எல்லையும் இத்தகையதே. 2022 அக்டோபரில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு அதனை 19 ஆகத் தளர்த்தியது. இத்தளர்வால் உலர்த்தும் செலவு பெருகும் என்ற வாதம் புழுங்கல் ஆலைக்குப் பொருந்தாது. எந்த ஈரத்தில் வந்த நெல்லும் அங்கு தண்ணீரில் ஊறத்தான் போகிறது. டன்னுக்கு ஏறத்தாழ 24 கிலோ நீருக்குக் கூடுதலாக விலை தரப்படுகிறது என்பது உண்மையான செலவு. ஈர மூட்டைகள் அடுக்கில் சூடேறிப் பழுப்பது அதனினும் பெரிய செலவு. அது ஈரத்தோடு காத்திருக்கும் நாட்களையும் பொறுத்தது. ஆகவே தண்டத்தை ஈரப்பதத்தின் மீது மட்டும் சுமத்துவது, தாமதத்தால் விளையும் இழப்பை உழவர் தலையில் கட்டுவதாகும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும் இப்படுகையில், மூட்டை ஆலைக்குப் போய்ச்சேர எடுக்கும் நாட்களும் கொள்முதல் விதியில் எண்ணப்பட வேண்டும்.