கூர் காத்தவர்கள்

உலகத்தில் எத்தனையோ விதமான நம்பிக்கைகள் உண்டு. அவற்றில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், கழுத்தை நீட்டிக்கொண்டு நாவிதர் முன் உட்காருகிறவனுடைய நம்பிக்கைதான் என்பேன். அரசனானாலும் ஆண்டியானாலும் அந்த நேரத்தில் தாடையை உயர்த்திக் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டியதுதான். கத்தி கூராக இருந்தால் சுகம். மழுங்கியிருந்தால் கண்ணில் நீர். ஆகவே, சவரத்தின் சரித்திரம் என்பது தாடி மீசைகளின் சரித்திரம் அல்ல. கத்தியின் கூரை யார் காத்தார்கள் என்பதன் சரித்திரம்தான்.

நான் குடியிருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்தச் சரித்திரத்தின் ஒரு மூலையில் உட்கார உரிமை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த சான்றுகளைக் கொண்டு, கி.மு. 2172-லேயே இங்கே இரும்பு வழங்கியது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. 1965 வரை இந்தப் பகுதி பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்தச் சேலம் ஜில்லாவின் இரும்புக் கல்லை நம்பித்தான் 1830-ஐ ஒட்டி ஜே. எம். ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு வார்க்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் ஒரு முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் ஷெபீல்டு நகரத்து எஃகு வியாபாரம் கொழித்தது. ஹீத்தோ கோர்ட்டு வழக்குகளில் நொடித்துப் போனார். ஷெபீல்டு கத்தி என்றால் நம்மவர்களுக்கும் ஒரு தனி மதிப்பு. இரும்பு விளைந்த மண், கத்திக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்றது!

அந்தக் கத்தியின் கூரைக் காத்தவர் நாவிதர். அவருடைய அடைப்பத்தில் கத்தி, கத்தரிக்கோல், தீட்டுகிற கல், தோல்வார், கிண்ணம், கண்ணாடி எல்லாம் அடக்கம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த எல்லைக் கிராமங்களில், மூன்று பாஷைகளிலும் ஊர் வம்பு அவருக்கு அத்துபடி என்று சொல்லத் தேவையில்லை. கட்டி அறுக்கவும் மருந்து வைக்கவும் தெரிந்தவர் என்பதால் மருத்துவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. வருஷம் முழுவதும் வேலை செய்துவிட்டு, அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் கேழ்வரகோ நெல்லோ அளந்து வாங்கிக்கொள்வார். ஊருக்கெல்லாம் முகம் துலக்கியவரை ஊர் திண்ணைக்குக் கீழேதான் நிறுத்தியது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சேரியில் வாழ்கிறவர்களுக்காக அவர் கத்தியை எடுக்கக் கூடாது என்பது பல கிராமங்களில் எழுதாத சட்டம். மீறினால் அவருக்கே ஊர்க் கட்டுப்பாடு. இப்படிச் சேவை மறுப்பதைக் குற்றமாக்கி 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டம் வந்தவுடனே வழக்கம் செத்துவிடவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள உதவும் ஒரு சிறு கருவி, இத்தகைய ஊர்களில் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அது யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. யாருடைய ஜாதியையும் விசாரிக்கவில்லை. ஆணியில் தொங்கும் ஒரு கண்ணாடியும் ஒரு கிண்ணத் தண்ணீரும் இருந்தால் போதும்.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது? பாரிஸ் நகரத்துக் கத்திக்காரர் பெரே என்பவர், 18-ஆம் நூற்றாண்டிலேயே தச்சனின் இழைப்புளியைப் பார்த்துச் சவரக்கத்திக்கு மரத்தால் ஒரு காப்பு மாட்டினார். அலகு துளியளவே வெளியே தெரியும். அதற்கு மேல் தோலில் இறங்காது. 1880-இல் நியூயார்க்கில் காம்ப்ஃபே சகோதரர்கள் இந்த யோசனைக்குப் புது உருவம் கொடுத்தார்கள். சிறிய பெட்டி போன்ற ஒரு தலை; முன்னால் சீப்புப் போன்ற காப்பு; உள்ளே, முழுக் கத்தியிலிருந்து ஒரு துண்டு நறுக்கினாற்போல், ஒருபக்கம் மட்டும் கூருள்ள தடித்த அலகு. 'ஸ்டார்' என்று அதற்குப் பெயர். ஒருபக்கக் கூர் ஸேப்டி ரேஸர்களின் மூதாதை அதுதான்.

முகத்தை ஆழமாக வெட்டாது என்று உத்தரவாதம் கொடுத்தார்களே தவிர, கூர் தானாக நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அலகைக் கழற்றி, ஒரு பிடியில் மாட்டி, தோல்வாரில் தீட்ட வேண்டும். நாவிதரிடமிருந்து விடுதலை பெற்ற கனவான், நாவிதருடைய வேலையில் பாதியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டான்!

இந்த வேலையைச் சுலபமாக்கத்தான் அடுத்த ஐம்பது வருஷங்கள் மூளையைச் செலவழித்தார்கள். பெங்களூர்ப் பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய மூன்று ரேஸர்கள் என் அலமாரியில் இருக்கின்றன. முதலாவது, ஹென்றி கெய்ஸ்மன் என்ற அமெரிக்கர் உண்டாக்கிய 'ஆட்டோஸ்ட்ராப்'. அலகைக் கழற்றவே வேண்டாம்; தலைக்குள் தோல்வாரை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தால், அலகு தானே புரண்டு புரண்டு இரு பக்கமும் தீட்டிக்கொள்ளும். இரண்டாவது, லண்டன் 'ரோல்ஸ்'. வெள்ளிப் பெட்டி மாதிரி பளபளக்கும். ஒரு மூடியில் கல், மறு மூடியில் தோல். பிடியைத் தள்ளி இழுத்தால் அலகு 'டக் டக்' என்று திரும்பும். மூன்றாவது 'ஜெம்'. அலகு தடிப்பு, முதுகில் ஒரு பட்டை உண்டு. மழுங்கினால் தீட்டுவதில்லை, எறிந்துவிட வேண்டியதுதான்.

மூன்றிலும் எது உயர்ந்தது? சவரத்தின் சுகத்தை மட்டும் பார்த்தால் ஜெம்முக்கு என் ஓட்டு. விறைத்த அலகு மயிரைக் கண்டு வளைவதில்லை, நடுங்குவதில்லை. ஆனால் தலையின் மேற்பரப்பைக் கன்னத்தில் படுக்கவைத்து மழிக்க வேண்டும்; கைப்பிடியைத் தாழ்த்தினால் உடனே தண்டனை உண்டு. ஆட்டோஸ்ட்ராப்பில் சாமர்த்தியம் அதிகம். தோல்வார் கிழிந்துவிட்டால் அதோடு சரி. அழகிலும் ஆயுளிலும் ரோல்ஸை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பொறுமை இல்லாதவன் அதைத் தொடக் கூடாது.

பழைய ரேஸர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் போன்ற கடின நீரும் சோப்பும் சேர்ந்தால் காப்பின் பற்களில் வெள்ளையாகக் காரை பிடிக்கும். வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். பித்தளைச் செம்புக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் காரையோடு நிக்கல் பூச்சும் போகும். கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தோலில் தீட்டும்போது அலகின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னே வர வேண்டும். கல்லில் அதற்கு நேர்மாறு. தோல் தினமும், கல் எப்போதாவது. அலகை ஈரத்தோடு பெட்டியில் வைப்பது துருவுக்கு விருந்து வைப்பதாகும். பெயிண்ட் சுரண்டும் பிளேடு ஜெம் பிளேடுக்குச் சகோதரன்போல் இருக்கும். அதை முகத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

இத்தனை உபசாரம் எதற்கு என்று கேட்டவர்தான் கிங் காம்ப் ஜில்லெட். மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகடு என்ற எண்ணம் 1895-இல் அவருக்குத் தோன்றியது. அவ்வளவு மெல்லிய எஃகைப் பதப்படுத்த முடியாது என்று நிபுணர்கள் கையை விரித்தார்கள். நிக்கர்சன் என்ற எஞ்சினியர் வழி கண்டார். 1903-இல் விற்றவை 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கச் சர்க்கார் சிப்பாய்களுக்காக வாங்கியவை 35 லட்சம் ரேஸர்கள், 3 கோடியே 20 லட்சம் பிளேடுகள். 1930-இல் ஆட்டோஸ்ட்ராப் கம்பெனி ஜில்லெட்டோடு கலந்துவிட்டது. ரோல்ஸ் கம்பெனியோ பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் விற்கப் போய், 1964-இல் திவாலாயிற்று. கூர் இப்போது வீட்டுக்காரன் பொறுப்பும் அல்ல, தொழிற்சாலையின் பொறுப்பு.

இதே கதையை ஓசூரின் பட்டறைத் தெருக்களில் இன்றும் காணலாம். ஒரு காலத்தில் லேத் வேலை தெரிந்தவன் என்றால், வெட்டும் 'டூல்' மழுங்கியதும் தானே சாணைச் சக்கரத்தில் பிடித்துக் கோணம் பார்த்துத் தீட்டத் தெரிந்தவன் என்று அர்த்தம். இப்போது ஒரு சிறு 'இன்சர்ட்'டைத் திருகாணியால் முடுக்குகிறார்கள். ஒரு முனை மழுங்கினால் மறு முனை. எல்லா முனையும் தீர்ந்தால் கழித்துவிடுகிறார்கள். வேலை துரிதம், அளவு துல்லியம், சந்தேகமில்லை. ஆனால் தீப்பொறியின் நிறத்தைப் பார்த்தே இரும்பின் ஜாதி சொன்ன பெரியவர்களுடைய வித்தை அவர்களோடு போகிறது.

சலூன்காரரும் தீட்டுவதை விட்டுவிட்டார். 1986-இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்து பரவிய பயம், ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற வழக்கத்தை உறுதியாக்கியது. அது நல்லதே. அவர் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? இரு பக்கமும் கூருள்ள பிளேடைக் காகிதத்தோடு மடித்து நடுவில் ஒடித்து, பாதியை மடக்குக் கத்தியில் செருகுகிறார். ஜில்லெட் சேர்த்துவைத்த இரண்டு கூர்களைப் பிரித்து, ஒருபக்கக் கூருக்கே திரும்பிவிட்டார்!

விடுதலைக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆயினும் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து கல்லின் மேல் அலகை ஓட்டும்போதெல்லாம் ஒன்று தோன்றுகிறது. ஒரே ஒரு முகத்துக்காக, மூடிய அறையில், பளபளக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தவனைக் கனவான் என்றார்கள். மரத்தடியில் உட்கார்ந்து நூறு முகங்களுக்காக இதே வேலையைச் செய்தவருக்கு ஒரு படி கேழ்வரகு அளந்து, திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். கல் ஒன்றுதான், தோல் ஒன்றுதான், கூரும் ஒன்றுதான்.