ஆஸ்பிரினும் கல் கஷாயமும்

ஜெர்மனியில் பேயர் கம்பெனியார் 1899-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்பிரின், வடசீனத்து வைத்தியர் ஒருவர் கையில் கஷாயத்துக்குத் துணைச் சரக்காகவே ஆகிவிட்ட வரலாறு, வைத்திய சாஸ்திரங்களின் சமரசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் அவசியம் அறிய வேண்டியது. அவ்வைத்தியர் ஜாங் ஷீசுன். 1860-இல் ஹெபெய் மாகாணத்து யான்ஷானில் பிறந்து, அரசாங்கப் பரீட்சைகளில் தேறாமல் வைத்தியத்தின் பக்கம் முழு மனத்தையும் திருப்பிய அவர், ஷென்யாங் நகரில் மருத்துவமனை நடத்தி, சீன முறையை ஆதாரமாகக் கொண்டு மேனாட்டு முறையையும் துணைக்கழைத்த தம் அனுபவங்களை 1918 முதல் பகுதி பகுதியாக நூலாக்கினார். மேனாட்டு மருந்து நோயின் கிளையைப் பற்றும், சீன மருந்து வேரைத் தேடும், ஆகவே இரண்டும் பகையல்ல என்பது அவருடைய அபிப்பிராயம்.

ஜுரத்துக்கு அவர் வகுத்த சிகிச்சை ஒன்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஒரு கிராம் ஆஸ்பிரினை முதலில் சர்க்கரை நீருடன் கொடுப்பார். நம் சித்த வைத்தியர் கற்பூரசிலாசத்து என்னும் ஜிப்சத்தைச் சுடாமல் பச்சையாகவே 2 லியாங், அதாவது 60 கிராமுக்கு மேல், எடுத்துக் காய்ச்சிப் பெரிய கிண்ணம் நிறையக் கஷாயமாக வைத்திருப்பார். நோயாளியின் தேகமெங்கும் வியர்வை பெருகிக்கொண்டிருக்கும் சமயம் பார்த்து, அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சூட்டோடு குடிக்கச் செய்வார். எஞ்சியதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை, இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் உஷ்ணம் தங்கியிருக்கிறதா என்று பார்த்த பின்பே நிச்சயிப்பார். ஆஸ்பிரின் உஷ்ணத்தை வியர்வையாக வெளியேற்றும், ஜிப்சக் கல் உள்ளே தங்கியதைத் தணிக்கும் என்று அவர் சொன்ன காரணத்தை ரசாயன பண்டிதர்கள் ஒப்பமாட்டார்கள். ஆனால் கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதை நோயாளியின் தேகத்தைக் கேட்டே தீர்மானித்த அந்த நிதானம், அவருடைய தத்துவத்தைக் காட்டிலும் எனக்கு உயர்வாகப் படுகிறது.

அதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. மாஹுவாங் என்னும் மூலிகையிலிருந்து ஜப்பானிய அறிஞர் நாகாய் 1885-இல் பிரித்தெடுத்த எஃபிட்ரினைப் பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கேஹுய், கார்ல் ஷ்மிட் இருவரும் ஆராய்ந்து 1924-இல் அதன் குணங்களை வெளியிட, அது ஆஸ்துமா மருந்தாகப் பல நாடுகளிலும் பிரசித்தியடைந்தது. லாபம் பெரிதுதான். ஆயினும், ஜுரம் கண்டவனுக்கு வியர்க்கவில்லையென்றால் மாஹுவாங் முதலாக ஒரு கஷாயம், வியர்க்கிறதென்றால் இலவங்கப்பட்டை மரத்தின் இளங்கிளை முதலாக மற்றொன்று என்று ஆளுக்கு ஆள் பிரித்தறிந்த பழைய விவேகம் அந்த வெள்ளைப் பொடியுடன் கூட வரவில்லை.

இதற்கிடையே, ஜப்பானில் மேனாட்டு வைத்தியம் பயின்ற யூ யுன்ஷியூ என்பார், பழைய வைத்தியத்தையே ஒழிக்க வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் நான்ஜிங்கிலிருந்த சீன அரசின் சுகாதாரக் கமிட்டியில் தீர்மானம் நிறைவேறச் செய்தார். மார்ச் 17-இல் பல மாகாணத்து வைத்தியர்கள் ஷாங்காயில் திரண்டு எதிர்க்கவே, அது அமலுக்கு வரவில்லை. பின்னர் 1955-இல் பெய்ஜிங்கில் சீன வைத்திய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, மேனாட்டு முறை கற்றவர்களே சீன முறையைப் பயிலலாயினர். அப்பயிற்சி பெற்ற தூ யூயூ, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்து 2015-இல் நோபல் பரிசு பெற்றார். மூலிகையிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்த அதுவும் நாகாய் சென்ற வழியே.

ஆளுக்கு ஆள் பிரித்தறியும் பழைய விவேகத்தை நினைவூட்டுவதுபோல, அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் 1991-இல் தொடங்கிய நிலையம் பரப்பிவரும் ஃபங்ஷனல் மெடிசின், ஒவ்வொருவருடைய ஆகாரத்தையும் நித்திரையையும் ரத்தப் பரிசோதனைகளையும் தனித்தனியே ஆராய்கிறது. அதனோடு சீன நாடிப் பரீட்சையை இணைக்க முயல்வோர் ஜாங்கின் வழியினர் என்றே சொல்லலாம். ஆனால் அவர்கள் எழுதித் தரும் நீண்ட மாத்திரைப் பட்டியல்களில் பலவற்றுக்குத் திடமான பரிசோதனை ஆதாரம் இன்னும் இல்லை.