ஆப்பிரிக்க இளம் ஓவியர்களின் படைப்புகளில் முதலீடு

ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த இளம் கலைஞர்களின் சமகாலப் படைப்புகளைப் பின்னாளில் கூடுதல் விலைக்கு விற்கும் எண்ணத்தோடு வாங்கிவைப்பது. இதற்கெனத் தனிச் சந்தை உருவானது அண்மையில்தான். லாகோசில் ஆர்ட்ஹவுஸ் கன்டெம்பரரி ஏல நிறுவனம் 2007-இல் நிறுவப்பட்டது. 1-54 கலைக் கண்காட்சி லண்டனில் 2013-இல் தொடங்கியது. 2017-இல் சோதபீஸ் ஏல நிறுவனம் ஆப்பிரிக்க நவீன, சமகாலக் கலைக்குத் தனி ஏலம் நடத்தியது. அதே ஆண்டு கேப் டவுனின் பழைய தானியக் கிடங்கு, சைட்ஸ் மோக்கா அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

சந்தை நடக்கும் விதத்துக்கு, கானாவின் அக்ராவில் 1984-இல் பிறந்த அமோவாக்கோ போவாஃபோவின் கதை நல்ல சான்று. கறுப்பின மக்களின் முகத்தையும் தோலையும் தூரிகையில்லாமல் விரலாலேயே தீட்டுபவர் இவர். அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2018-இல் இன்ஸ்டாகிராமில் இவர் படங்களைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த கலைக்கூடங்களுக்குச் சொன்னார். அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸில் தனிக் கண்காட்சி. 2019-இல் வரைந்த 'தி லெமன் பேதிங் சூட்' ஓவியத்தை வணிகர் ஒருவர் சுமார் 22,500 டாலருக்கு வாங்கினார். 2020 பிப்ரவரியில் லண்டன் பிலிப்ஸ் ஏலத்தில், 30,000 முதல் 50,000 பவுண்டு வரை மதிப்பிடப்பட்டிருந்த அது 6,75,000 பவுண்டுக்குப் போனது. 2021 டிசம்பரில் ஹாங்காங் ஏலத்தில் இவரது 'ஹேண்ட்ஸ் அப்' சுமார் 34 லட்சம் டாலரைத் தொட்டது.

இந்தப் பாய்ச்சல் ஓவியருக்கு நன்மையா என்பது வேறு விஷயம். கலைக்கூடம் முதன்முறை விற்கும்போது தொகையில் பாதியளவு ஓவியருக்கு வருவது வழக்கம். மறுவிற்பனை லாபம் விற்றவருடையது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் ஹாங்காங்கில் கிடையாது. பிரிட்டனில் உண்டு, ஆனால் படம் எத்தனை கோடிக்குப் போனாலும் ஒரு விற்பனைக்கு 12,500 பவுண்டே உச்சவரம்பு, அதுவும் பரஸ்பர உரிமை தரும் நாடுகளின் குடிமக்களுக்கே. ஆகவே, வாங்கியதும் ஏலத்துக்கு அனுப்புவோரைக் கண்டு கலைக்கூடங்கள் அஞ்சுகின்றன. சில ஆண்டுகளுக்கு விற்கமாட்டேன், விற்றால் முதலில் உங்களிடமே கேட்பேன் என்று வாங்குபவரிடம் எழுதி வாங்குகின்றன. அருங்காட்சியகங்களுக்கு முன்னுரிமை கிடைக்கிறது. பணம் மட்டும் வைத்திருப்பவர் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டியதுதான்.

முதலீட்டாளர் மறக்கும் செலவும் உண்டு. ஏல நிறுவனம் வாங்குபவரிடம், ஏலத்தில் முடிவான சுத்தியல் விலைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு வசூலிக்கிறது. காப்பீடு, பாதுகாப்பு, போக்குவரத்து தனி. இளம் ஓவியரின் விலையைச் சிலரே தாங்கி நிற்பதால், அவர்கள் கையை இறக்கினால் கேட்க ஆளிருக்காது. 2022-க்குப் பிறகு இளம் கலைஞர்களுக்கான உலகச் சந்தை சுருங்கியபோது, உருவச்சித்திர மோகத்தில் ஏறிய பெயர்கள் பல இறங்கின.

உள்நாட்டு வாங்குவோர் திரண்டால் விலை ஓரளவு நிலைக்கும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. நைஜீரியாவில் கலைச் சேகரிப்பாளர் யெமிசி ஷில்லோன் கொடையளித்த சேகரிப்பு 2019-இல் பல்கலைக்கழக அருங்காட்சியகமாகியது. ஆனால் 2023-இல் நைஜீரிய நாணயமான நைரா சரிந்ததும், டாலரில் விலை குறிக்கப்பட்ட ஓவியங்கள் லாகோஸ்வாசிகளுக்கே எட்டாதவையாயின.