ஆலங்காட்டில் பாடிய காரைக்கால் அம்மையார்

காரைக்கால் அம்மையார், அப்பருக்கும் சம்பந்தருக்கும் முன்னே வாழ்ந்த சைவப் புலவர். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதியாகப் பிறந்தவர். அவருடைய பாட்டில் நிலைபெற்ற ஊரோ திருவாலங்காடு. திருவள்ளூர் மாவட்டத்தில், அரக்கோணம் ரயில் தடத்தில், அந்த ஊர் இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அங்கே உள்ளது.

கிரேக்கத்து லெஸ்போஸ் தீவில் கி.மு. 600-ஐ ஒட்டிப் பாடிய சாஃபோவின் கவிதைகளில் பெரும்பகுதி அழிந்து, துணுக்குகளே மிஞ்சின. அம்மையாரின் 143 பாடல்களையோ பதினோராந் திருமுறை காத்துத் தந்தது: மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22, அற்புதத் திருவந்தாதியில் 101, திருஇரட்டைமணிமாலையில் 20.

பதிகங்களின் களம் ஆலங்காட்டுச் சுடுகாடு. பிணம் எரிகிறது, நரி ஊளையிடுகிறது, வற்றி உலர்ந்த பெண்பேய் அலைகிறது; நடுவே இறைவன் ஆடுகிறான். ஒரு பாட்டில் விளரி, தாரம், துத்தம் என்று சுரங்களும், மொந்தை, தக்கை, குடமுழா, கொக்கரை என்று வாத்தியங்களும் அணிவகுக்கின்றன. இசையை நன்கு கற்ற ஒருவரின் தேர்ச்சி அதில் தெளிவாகத் தெரிகிறது. அழகை உதறித் தம்மையே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்ட துணிவு, தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் வேறெங்கும் இத்தனை கூர்மையாக இல்லை.

ஒரு தலத்தைப் பண்ணோடு பாடி, கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரை வைக்கும் பதிக முறை தேவாரத்துக்கு அவர் வழியாகவே வந்தது. ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கமாக்கும் அந்தாதியிலும் அவருடையதே மூத்த நூல்களில் ஒன்று. திருவாய்மொழி முதல் அபிராமி அந்தாதி வரை அந்த மரபு நீண்டது.

அம்மையார் என்றதும், இறைவனை வேண்டி அவர் மாம்பழம் பெற்ற கதையே பலர் நினைவுக்கு வருகிறது. அதை விரித்துரைத்த சேக்கிழாரின் பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். அதற்கு முன்பே சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைப் போற்றிவிட்டார். 967-இல் குடமுழுக்குக் கண்ட கம்போடியாவின் பான்டே ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவனருகே மெலிந்த பெண்ணுருவம் ஒன்று உண்டு. அறிஞர்கள் அதை அம்மையார் என்றே கொள்கின்றனர். கங்கைகொண்ட சோழபுரத்திலும் நடராசர் காலடியில் அவர் இருக்கிறார். கதைக்கு முன்னே அவரைப் பரப்பியது பாட்டுதான்.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீதியுலாவின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். 1973-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய படத்தில் அம்மையாராக நடித்துப் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். 1953-இல் ஔவையாராக வந்தவரும் அவரே.