வெயிலும் வைட்டமினும்: பெங்களூர்

ஒரே வெயில் உடம்பில் ஒரு வைட்டமினை உண்டாக்குகிறது. உணவில் வேறு சிலவற்றை அழிக்கிறது. தோலில் வைட்டமின் டி3 உருவாவதைத் தொடங்கிவைப்பது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா-பி கதிர். பாலில் உள்ள ரைபோஃபிளேவினைச் (பி2) சிதைப்பது முக்கியமாக நீல ஒளி. சன்னல் கண்ணாடி முதலாவதைத் தடுத்துவிடும், இரண்டாவதைத் தாராளமாக உள்ளே விடும். மூடிய சன்னலோரம் வெயில் காய்பவருக்கு டி கிடைக்காது. பக்கத்தில் வைத்த பால் மட்டும் கெடும்.

வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு 'வைட்டமின்' என்ற சொல்லுக்கே முந்தியது. வார்சா நகரக் குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் அதிகம், சுற்றுக் கிராமங்களில் குறைவு என்று 1822இல் மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி எழுதினார். 1919இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி புறஊதா விளக்கால் அந்நோயைக் குணப்படுத்தினார். இந்தியச் சான்று 1922இல் ஹட்சிசன், ஷா இருவரின் கட்டுரையில் வந்தது: பர்தா முறையில் வீட்டுக்குள் அடைபட்ட வசதியான குடும்பங்களில் ரிக்கெட்ஸ் மிகுதி, வெளியில் உழைத்த ஏழைக் குடும்பங்களில் அரிது. நல்ல சாப்பாட்டால் முடியாததை வெயில் செய்திருந்தது.

பெங்களூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில், 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் புறஊதா-பி கிடைக்கும் இடம். ஆனாலும் வானத்தில் இருக்கும் வெயில் தோலில் பட வேண்டுமே. ரயில் பாதையை ஒட்டிய ஒக்கலிபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளுக்குள் அது நுழைவதே பாடு. கறுத்த தோலுக்கோ, மெலனின் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், கூடுதல் நேரம் தேவை. ஏறக்குறைய இதே அட்சத்தில் உள்ள திருப்பதியில் 2000களில் நடந்த ஆய்வுகளில், கிராமத்தாரின் டி அளவு நகரத்தாரைவிட மேலாக இருந்தும் பலருக்குப் போதவில்லை. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அச்சத்தை உடம்பில் சேரவிடாத ஃபைட்டேட் அதிகம் என்பதையும் அவை சேர்த்தே பதிவு செய்தன. வெயிலை மட்டும் பழித்துப் பயனில்லை.

பாலின் கதைக்கும் பெங்களூருக்கும் பழைய உறவு. கால்நடை, பால்பண்ணை ஆய்வுக்கான இம்பீரியல் நிறுவனம் 1923இல் இங்கேதான் தொடங்கியது; 1927இல் ஓய்வுக்கு வந்திருந்த காந்தி அங்கே போய் மாடு வளர்ப்பு கற்றார். 1955இல் தலைமையகம் கர்னாலுக்குப் போனது, தென்மண்டல நிலையம் ஆடுகோடியில் தங்கியது. வெயில் பாலில் எதை அழிக்கிறது என்ற கதை அதற்கும் முந்தியது. பால் தெளிவுக்கு மஞ்சள் சாயல் தரும் பொருளை வேதியியலாளர் பிளைத் 1879இலேயே கண்டிருந்தார்; அதுதான் பின்னாளில் ரைபோஃபிளேவின் எனப்பட்டது. கண்ணாடி பாட்டில் பாலை இரண்டு மணி நேரம் கடும் வெயிலில் வைத்தால் ரைபோஃபிளேவினில் பாதிக்குமேல் போய்விடும் என்பது 1940களில் தெரிந்தது. வெயில் பட்ட பாலின் தீய்ந்த வாடைக்கும் அதுவே காரணம்: ஒளியை உறிஞ்சிய ரைபோஃபிளேவின் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது. கீரையை நிழலில் உலர்த்தும் பாட்டிமார் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும்; நேர்வெயிலைவிட நிழலில் பீட்டா கரோட்டின் அதிகம் தங்கும்.

இப்போது செறிவூட்டிய பாலில், 2018 விதிப்படி, லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம் வைட்டமின் டி சேர்க்கிறார்கள். கூடவே வைட்டமின் ஏ. இந்த வைட்டமின் ஏவும் ஒளி பட்டால் சிதையும். காலை ஏழு மணிக்குக் கடை வாசல் கிரேட்டில் கிடக்கும் பாக்கெட்டுக்கு அந்த இளவெயிலே நட்டம். பக்கத்தில் நின்று வெயில் காய்பவருக்கோ பெரிதாக எதுவும் சேராது. புறஊதா-பி வலுக்க மணி பத்தாவது ஆக வேண்டும்.