ஒட்டுப் போர்வையின் வரலாறு

முத்தாண்டிக்குப்பம் வட்டாரத்து மாணவர்கள் நெய்வேலிச் சுரங்கத்தை நன்கு அறிவர். 1957ஆம் ஆண்டு அங்கே அகழ்வுப் பணி தொடங்கியது. மேல்மண்ணை அடுக்கடுக்காக அகற்றிய பின்னரே பழுப்பு நிலக்கரி வெளிப்படுகிறது. நிலத்தைப் போலவே மனிதர் கைப்பட்ட சில பொருள்களும் தம் வரலாற்றை அடுக்குகளில் மறைத்து வைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, கிழிந்த துணிகளை இணைத்துத் தைத்த ஒட்டுப் போர்வை.

மன்னரின் வெற்றிகளைக் கல்வெட்டு காக்கிறது. ஏழையின் போர்வையோ இழை இற்றுப்போகும்வரை பயன்பட்டு மறைகிறது. ஆதலின் அதன் வரலாற்றையும் துண்டு துண்டாகவே தேடி இணைக்க வேண்டியிருக்கிறது.

முதல் துண்டு சங்க இலக்கியத்தில் கிடைக்கிறது. பொருநராற்றுப்படையில், கரிகாற் பெருவளத்தானைக் கண்ட பொருநன் உடுத்திருந்தது, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல். மன்னன் அதனை நீக்கி, பாம்பின் சட்டை போன்ற நுண்ணிய ஆடை அளிக்கிறான். இங்கே ஒட்டுத் தையல் வறுமையின் அடையாளம்.

பௌத்த சங்கத்திலோ அதே தையல் துறவின் அடையாளமாயிற்று. வரப்புகளால் பகுக்கப்பட்ட மகத நாட்டு வயல்களைக் கண்ட புத்தர், அவ்வமைப்பில் துறவியர் ஆடையைத் தைக்க இயலுமா என ஆனந்தரை வினவினார் என்றும், ஆனந்தர் அவ்வாறே செய்து காட்டினார் என்றும் வினய பிடகம் கூறுகிறது. வெட்டி இணைத்த துணியைப் பிறர் கவர விரும்பார் என்பதும் ஒரு காரணம். முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தபோது, அத்தகைய ஆடையினர் நம் கடற்கரையிலும் உலவியிருப்பர்.

கோயிலில் இக்கலை பொலிவு பெற்றது. தேரில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள்! வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி, வேறொரு துணியின்மேல் பொருத்தித் தைப்பதில் தஞ்சாவூர்க் கைவினைஞர் பெயர் பெற்றவர்கள்.

இனி, வீட்டுப் போர்வைக்கு வருவோம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனத்தார் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழியினர் அவர்கள். அவ்வினப் பெண்கள் பழந்துணிகளை அடுக்கி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் முக்கோணமாய் மடித்த துணிப்பூக்கள் அமைந்தாலன்றிப் போர்வை நிறைவுற்றதாக அவர்கள் கருதுவதில்லை. சிந்து, கூர்ச்சரம், இராசத்தானம் ஆகிய பகுதிகளில் தைக்கப்படும் ரல்லிப் போர்வைகளிலோ சதுரமும் முக்கோணமும் ஒழுங்காகப் பொருந்தி நிற்கும்.

சதுரங்களை நேர் வரிசையில் வைப்பது எளிது. ஒவ்வொன்றும் மூலைமேல் நிற்குமாறு சாய்வாக வைப்பது அரிது. நம் வாசற்கோலத்தில் நேர்ப்புள்ளிக்கும் ஊடுபுள்ளிக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. 12 அங்குலச் சதுரத்தைச் சாய்த்து வைத்தால் அதன் குறுக்களவு ஏறத்தாழ 17 அங்குலம் ஆகும். ஓரங்களில் எஞ்சும் இடத்தை முக்கோணத் துண்டுகள் நிரப்பவேண்டும். பாவு நூல் வழியிலோ ஊடை நூல் வழியிலோ இழுத்தால் துணி மிகுதியாக நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். ஆதலால் ஓர முக்கோணத்தின் நீண்ட பக்கம் நூல் வழியில் அமையுமாறு வெட்டவேண்டும். தவறினால் போர்வையின் ஓரம் நெளிந்துவிடும்.

சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பற்றிப் பௌதாயனர் சுல்ப சூத்திரத்தில் விதி வகுத்தார். அவர் பெயர் நிலைத்தது. அவ்வளவையே விரலாலும் கண்ணாலும் கண்டு தைத்த பெண்கள் எண்ணற்றோர். அவர்தம் பெயர் ஏட்டில் ஏறவில்லை. கந்தல் என்று நாம் ஒதுக்குவது வறுமையை மட்டும் காட்டவில்லை. ஒரு துண்டையும் வீணாக்காத அறிவையும் காட்டுகிறது.

மாணவர்களே! உங்கள் இல்லத்துப் பழம்பெட்டியில் அத்தகைய விரிப்பு ஒன்று இருப்பின், எறிந்துவிடாதீர்கள். எந்தத் துண்டு எவர் உடுத்தியது, எவர் கை தைத்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். இற்றுப்போகும் நூலுக்கு முன்னே எழுத்து முந்திக்கொண்டால், அப்பெண்களுக்கும் வரலாற்றில் இடம் கிடைக்கும்.