கொச்சி–லட்சத்தீவு கப்பல் போக்குவரத்து: தீவு மக்களின் கடல்வழிச் சாலை

மட்டாஞ்சேரி: கொச்சித் துறைமுகத்திலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடல் உலாவாக அமைகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழும் சுமார் 64 ஆயிரம் பேருக்கோ, அவையே நிலப்பரப்புடன் இணைக்கும் முதன்மை வழியாகும். விமான நிலையம் உள்ள ஒரே தீவு அகத்தி என்பதால், பிற தீவுகளின் மாணவர்களும் நோயாளிகளும் பெரும்பாலும் கப்பலையே நம்பியுள்ளனர்.

புறப்படும் இடம்

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுக்கு எதிரே, கால்வாயின் மறுகரையில் வெலிங்டன் தீவு உள்ளது. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில், காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணைக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. லட்சத்தீவுக் கப்பல்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன. லட்சத்தீவு நிர்வாகத்தின் கொச்சி அலுவலகமும் இங்குதான் உள்ளது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வெலிங்டன் தீவிலும் கொச்சி நீர் மெட்ரோவின் படகு முனையங்கள் திறக்கப்பட்டன.

யாருக்கு அனுமதி தேவை?

1967ஆம் ஆண்டு விதிகளின்படி, லட்சத்தீவைச் சேராத இந்தியர்கள் நுழைவு அனுமதி பெற வேண்டும். தீவுவாசிகளுக்கு இது பொருந்தாது. அரசுப் பணி நிமித்தம் செல்வோருக்கும் விலக்கு உண்டு.

பயண நேரம்

மக்கள் வாழும் 10 தீவுகளில், ஆந்த்ரோத் கொச்சியிலிருந்து சுமார் 290 கி.மீ. தொலைவிலும், தலைநகர் கவரத்தி சுமார் 400 கி.மீ. தொலைவிலும் உள்ளன. பயணிகள் கப்பல்கள் தீவைப் பொறுத்து ஏறத்தாழ 14 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன.

இறங்குவதே சவால்

பவளப்பாறைகள் சூழ்ந்த கடற்கழிகள் ஆழமற்றவை என்பதால், பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளியே நங்கூரமிடுகின்றன. அங்கிருந்து பயணிகளும் மூட்டை முடிச்சுகளும் சிறு படகுகளுக்கு மாற்றப்பட்டுக் கரை சேர்கின்றனர். அலை உயர்ந்தால், முதியோரும் நோயாளிகளும் படகில் இறங்குவது ஆபத்தான செயலாகிவிடுகிறது.

சரக்குப் படகுகள்

முற்காலத்தில் தீவு மக்கள் ‘ஓடம்’ எனும் பாய்மரக் கலங்களில் கொப்பரையும் கயிறும் கொண்டுவந்து, அரிசி வாங்கிச் சென்றனர். இன்று சரக்குக் கப்பல்களுடன், பேப்பூர், மங்களூரு துறைமுகங்களிலிருந்து ‘உரு’ எனப்படும் எந்திர மரக்கலங்களும் காய்கறி, கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்கின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, இம்மரக்கலங்கள் கடலுக்குச் செல்வதில்லை. எனவே மழைக்கு முன்பே தீவுகளில் அரிசி இருப்பு வைக்கப்படுகிறது.

ஒரு கப்பல் நின்றால்

700 பேர் பயணிக்கக்கூடிய ‘எம்.வி. கவரத்தி’ கப்பலின் எந்திர அறையில் 2021 டிசம்பர் தொடக்கத்தில் தீப்பிடித்தது. பயணிகள் பத்திரமாக மீட்கப்பட்டனர். எனினும் அக்கப்பல் சேவையில் இல்லாத மாதங்களில், பயணச்சீட்டு கிடைக்காமல் தீவு மக்கள் அவதியுற்றனர்.

பின்னணி

முன்பு சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த இத்தீவுகள், 1956 நவம்பர் 1 அன்று யூனியன் பிரதேசமாயின. 1973இல் லட்சத்தீவு எனப் பெயர் சூட்டப்பட்டது.